தார் ரோட்டுக்கு வாங்கிய சைக்கிள்

எந்த ரோட்டில் ஓட்டப் போகிறோம் என்று தெரியாமலே சைக்கிள் வாங்கப் போனவர்கள் நானும் என் நைனாவும். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்தில் அந்த வருஷங்களில் எல்லாக் காரியமும் அப்படித்தான் நடந்தது. பிள்ளையைத் தெலுங்கு வகுப்பில் போடுவதா, தமிழ் வகுப்பில் போடுவதா, பெண்ணைத் திருத்தணிப் பக்கம் கொடுப்பதா, புத்தூர்ப் பக்கம் கொடுப்பதா, எதைக் கேட்டாலும் ஒரு பெருமூச்சு, "எல்லை முடிவாவட்டும்." ஆந்திரம் தனி ராஜ்யமாகப் பிரிந்திருந்தது. சித்தூர் ஜில்லா மொத்தமும் அதோடு போயிருந்தது. ஆனால் நகரி, புத்தூர், திருத்தணி என்று தமிழ் பேசுகிற ஊர்களை எந்தப் பக்கம் வைப்பது என்று பெரிய இடங்களில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். போடாத கோட்டின் மேல் உழுதோம். போடாத கோட்டின் மேல் படுத்து எழுந்தோம்.

எனக்கு அப்போதுதான் வாத்தியார் பயிற்சி முடிந்திருந்தது. வீட்டில் நானும் நைனாவும் மட்டும். நான் சிறுவனாக இருந்தபோதே அம்மா போய்விட்டாள். நைனாவுக்கு ஒரு கண் ஏற்கெனவே அவிந்துவிட்டது. மற்ற கண்ணில் ஓரத்திலிருந்து இருள் கட்டிக்கொண்டு வந்தது. நேரே இருப்பது தெரியும். பக்கவாட்டில் வருகிற மாடு தெரியாது. "கெணத்துக்குள்ள குந்திக்கினு மேல பாக்கற மாதிரி கீதுடா" என்பார். சித்தூரில் கண் டாக்டர் ஒருவர் பார்த்துவிட்டு, போன பார்வை வராது, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்றார். சின்ன பாட்டிலில் மருந்து. காலையில் ஒரு சொட்டு, சாயங்காலம் ஒரு சொட்டு. தவறக் கூடாது.

நைனாவுக்குத் தன் கையால் விட்டுக்கொள்ள வரவில்லை. ஏர் பிடித்த கை. சொட்டு விழுகிற நேரம் பார்த்து நடுங்கும், இமையும் மூடிக்கொள்ளும். நான்தான் அவர் தலையை மடியில் சாய்த்து, இமையை விரலால் பிரித்து விடுவேன். ஆகவே எந்த ஊரில் வேலை கிடைத்தாலும் நான் காலையில் வீட்டில் எழுந்திருக்க வேண்டும், சாயங்காலம் வீடு வந்து சேர வேண்டும். அதற்குத்தான் சைக்கிள். வேறு எதற்கும் இல்லை.

வேலை எங்கே என்பதையும் அந்தக் கோடுதான் சொல்ல வேண்டியிருந்தது. ஊர் மெட்ராஸ் பக்கம் போனால், திருத்தணி போகிற தார் ரோட்டின் மேலேயே ஒரு பள்ளிக்கூடம். அங்கே தமிழ் வாத்தியாருக்கு இடம் காலியாக இருந்தது. ஆந்திரத்திலேயே நின்றால் சித்தூரிலிருந்து உத்தரவு வரும், மலைக்கு அந்தப்புறத்து ஊருக்கு. அங்கேயும் தமிழ்ப் பிள்ளைகள் உண்டு. வாத்தியார்தான் யாரும் போவதில்லை. போகிற வழி வண்டித்தடம். கல், முள், நடுவில் ஒரு மணல் ஆறு.

வேர்க்கடலை விற்ற காசு கையில் இருந்தது. கடலைக் காசு ஈரக் கையில் வைத்த உப்பு. "கோடு போடற வரைக்கும் இது நிக்காதுடா, வா" என்றார் நைனா. ரயிலேறித் திருப்பதிக்குப் போனோம்.

பழைய சைக்கிள் விற்கிற கடை. எங்கள் காசுக்கு எட்டியவை இரண்டு. ஒன்று பால்காரர் வைத்திருந்தது; அகலமான டயர், முன்னால் இரட்டைக் கம்பி, பின்னால் மூட்டை ஏற்றுகிற கேரியர். நின்ற நிலையிலேயே களைத்துப் போன எருமை. மற்றது காலேஜில் படித்த யாரோ விற்றுவிட்டுப் போனது. விரல் தடிமனில் டயர். கேரியர் கிடையாது. ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பு மாதிரிக் கீழே வளைந்திருந்தது. பச்சை நிறம், அங்கங்கே உரிந்தது. ஒரு கையால் தூக்கிவிடலாம். தூக்கினேன். இறக்கி வைக்க மனம் வரவில்லை.

நைனா மாட்டுச் சந்தையில் செய்வதையெல்லாம் செய்தார். இரண்டையும் சுற்றி வந்தார். கழுத்தைத் தடவினார். சக்கரக் கம்பிகளைச் சுண்டிவிட்டுக் காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு எதையோ தேடினார்.

"பெத்தாயனா, இதி எத்து காதய்யா, சைக்கிலு!" என்றார் கடைக்காரர். பெரியவரே, இது எருதல்ல.

"தெலுசு லேய்யா", தெரியுமய்யா, என்ற நைனா தமிழுக்குத் தாவினார். "சுழி பாக்கறேன். சுழி சரியில்லன்னா வாங்கனவன ஒதைக்கும்."

"அப்ப பல்லும் பாத்துக்கோ. செயின் சக்கரத்துல நெறையக் கீது."

கடையே சிரித்தது. நைனாவும் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் கடைக்காரர் கேட்டார், எந்த ரோட்டில் ஓட்டுவீர்கள் என்று. தார் ரோடு என்றால் மெல்லியது, மண் ரோடு என்றால் தடித்தது; கடையில் யாரிடமும் கேட்கிற சாதாரணக் கேள்வி. நான் நைனாவைப் பார்த்தேன். ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி நடந்த எல்லைக் கூட்டம் ஒன்று விடாமல் போய்வந்தவர் அவர். கோஷம் போட்டுத் தொண்டை கட்டி, வாரக் கணக்கில் சைகையில் பேசியவர்.

"தார் ரோடுதான்" என்றார்.

"நைனா, ஒருவேள இங்கியே நின்னுட்டா? தடிச்சது ரெண்டு ரோட்லயும் போவும்."

"ஒருவேள இன்னாடா ஒருவேள? அத்த உருட்டிக்கினு ஊருக்குள்ள போனா காறித் துப்புவாங்க. கோடு போடறதுக்கு முன்னியே இவன் முடிவு பண்ணிட்டான்டான்னுவாங்க. நம்ம ஊரு அந்தாண்ட போவும். சைக்கிளும் அந்தாண்ட போவும்."

எங்கள் பக்கத்தில் இதை யாரும் பைத்தியம் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பிள்ளைக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுக்க ஒருவர் ஆள் வைத்தாலே, "உனக்கு மட்டும் சேதி வந்துடிச்சா?" என்று குத்துவார்கள். வேண்டாததற்கு முன்கூட்டியே தயாராவது அதை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. ஊரே அப்படி நம்பியது. ஊரோடு நானும் நம்பினேன்; பச்சைச் சைக்கிளின் எடை வேறு கையிலேயே இருந்தது.

விலையை வாயால் பேச நைனா ஒப்பவில்லை. தோள் துண்டை எடுத்துக் கடைக்காரரின் கைமேல் போர்த்தி, அடியில் விரல்களைப் பிடித்தார். மாட்டு விலை அப்படித்தான் முடியும். பார்க்கிறவனுக்குத் தெரியாது, பிடிக்கிறவனுக்குத் தெரியும். கடைக்காரர் முதலில் கூச்சத்தில் நெளிந்தார். பிறகு அவர் முகமும் மாறியது. அவரும் ஏதோ ஒரு சந்தையைக் கண்டவர்தான். துண்டுக்கடியில் விரல்கள் மடங்கின, விரிந்தன. மேலே இரண்டு முகங்களும் சாமி சந்நிதியில் நிற்பது போல இருந்தன. துண்டை உருவியபோது சைக்கிள் எங்களுடையது.

நைனா ரயிலில் போனார். நான் ஓட்டிக்கொண்டு வந்தேன். ரேணிகுண்டா பின்னால் போனது. புத்தூர் பின்னால் போனது. மலைகள் வலப்பக்கம் கூடவே வந்து, சலித்து, நின்றுவிட்டன. புளியமரங்களின் நிழல் விழுந்த தார், கோடு கோடாகச் சக்கரத்துக்கு அடியில் ஓடியது. இத்தனை வயதுக்குப் பிறகும், தூக்கம் வராதபோது நான் அந்த ரோட்டைத்தான் ஓட்டுகிறேன். ஊருக்கு வழி பிரிகிற இடத்தில் நைனா ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்து காத்திருந்தார். கேரியர் இல்லாததால் முன்கம்பியில் பக்கவாட்டாக உட்கார்ந்தார், வேட்டியைச் சுருட்டிக்கொண்டு, புதுப்பெண் மாதிரி. "மெதுவா போடா, ஊரு பாக்கட்டும்" என்றார். ஊர் பார்த்தது. "இன்னாய்யா, சாமி ஊர்வலமா?" என்று யாரோ கேட்டார்கள். "ஆமா, தட்டுல காசு போடு" என்றார் நைனா.

கோடு வருகிற வரைக்கும் நகரியில் நெசவுக்காரர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன். காலையில் சொட்டு விட்டுவிட்டுக் கிளம்புவேன். பொழுது சாய்வதற்குள் திரும்பி, கை கழுவிக்கொண்டு மறுபடி சொட்டு விடுவேன். ஒரு நாளும் தவறவில்லை. சித்தூர் டாக்டர் சோதித்துவிட்டு, இருள் நின்ற இடத்திலேயே நிற்கிறது என்றார். நைனா வழியெல்லாம் சைக்கிளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார், என்னவோ அதுதான் மருந்து என்பது போல.

கோடு வந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தார். திருத்தணி மெட்ராஸோடு போனது. பின்னாலேயே ஊர்ப் பெயர்கள் வந்தன. எங்களுக்கு அடுத்த ஊர்கள் சில போயின. பெண் கொடுத்த ஊர் போனது, பெண் எடுத்த ஊர் போனது. எங்கள் ஊர் வரவில்லை.

"திருப்பிப் படி" என்றார் நைனா.

படித்தார்.

"நீ வுட்டுட்டு படிக்கற. மெதுவா படி."

மூன்றாவது தடவை யாரும் படிக்கவில்லை. நைனா எழுந்து வெளியே வந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். வீட்டு வாசலில் நின்று, "மனு போடுவாங்கடா. இது இன்னும் முடியல" என்றார்.

சித்தூரிலிருந்து உத்தரவு வந்தது, மலைக்கு அந்தப்புறத்து ஊருக்கு. தார் ரோட்டுப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கேட்டேன். இப்போது அது வேறு ராஜ்யம், அவர்கள் ஆட்களே காத்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது.

அந்த மெல்லிய டயரை நான் வண்டித்தடத்தில் இறக்கினேன். முள் குத்தியது. கல் ரிம்மை நெளித்தது. மணல் ஆற்றில் சக்கரம் கத்தி மாதிரி இறங்கி நின்றுவிடும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆற்றைக் கடப்பேன். அந்தத் தடத்தில் வேர்க்கடலை வியாபாரி ஒருவர் வருவார், திருப்பதிக் கடையில் நாங்கள் விட்டுவிட்டு வந்தது போன்ற ஒரு தடித்த சைக்கிளில், பின்னால் மூட்டையோடு. மணலில்கூட முக்கி முனகி மிதித்துக்கொண்டு போய்விடுவார்.

"இன்னா சார், நீ சைக்கிள ஓட்டறியா, சைக்கிள் உன்ன ஓட்டுதா?" என்பார். இன்னொரு நாள், "தாலாட்டு பாடு சார், தோள்லயே தூங்கிடும்" என்றார். கெட்ட மனிதர் இல்லை. என் பையை வாங்கித் தன் மூட்டைமேல் வைத்துக்கொண்டு போவார்.

விற்றுவிட்டுத் தடித்ததை வாங்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன். எங்கள் ஊரில் யாரும் அதைத் தொடவில்லை. "இதுல இன்னாத்த ஏத்தறது? மூட்டைய ஏத்த முடியாது, பொண்டாட்டிய ஏத்த முடியாது" என்றார்கள். திருப்பதிக் கடையில், நெளிந்த ரிம்மோடு அதற்குத் தருவதாகச் சொன்ன காசில் ஒரு கேரியர்தான் வாங்கலாம். நைனாவுக்கும் சம்மதமில்லை. "மனு போட்டுகீறாங்கடா. நாளைக்கு மாத்திட்டாங்கன்னா தார் ரோட்ல அந்த எருமைய மிதிச்சிக்கினு போவியா?"

வீடு வரும்போது இருட்டிவிடத் தொடங்கியது. ஒரு நாள் ட்யூப் கிழிந்து வழியிலேயே தங்க வேண்டியதாயிற்று. அன்று சொட்டு இல்லை. மழைக்காலத்தில் ஆறு வந்தது. அந்த நாட்களிலும் இல்லை. ஒரு சாயங்காலம் முழங்கால் ரத்தத்தோடு வந்து நின்றேன். நைனா கண்ணால் பார்க்கவில்லை, கையால் தடவிப் பார்த்தார்.

"அங்கியே ஒரு ரூமு பாத்துக்கோ. சனிக்கெழம சனிக்கெழம வா."

"மருந்து?"

"பக்கத்து வூட்ல உங்கத்த இல்ல? போடச் சொல்லு."

"நீயும் வந்துடு நைனா."

"மாட்ட யாரு பாக்கறது? நெலத்த யாரு பாக்கறது? போடா."

அத்தை முறை ஆகிற பக்கத்து வீட்டுக்காரியிடம் எல்லாம் சொல்லிக் காட்டிக் கொடுத்தேன். சனிக்கிழமைகளில் வந்தபோது பாட்டிலில் மருந்து அளவாகக் குறைந்திருந்தது. "அத்த போடறாங்களா நைனா?" என்றால், "போடறாங்க, போடறாங்க. உன்னவிட நல்லாவே போடறாங்க" என்பார். நானும் காலி பாட்டிலை எடுத்துக்கொண்டு புதியது வாங்கிக் கொடுத்துவிட்டுப் போவேன்.

ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டது. உச்சி வெயிலில் வந்து சேர்ந்தேன். நைனா வாசலில் கட்டில் போட்டுக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நேர் எதிரே போய் நின்றேன். அவருக்குத் தெரிகிற இடம் அது ஒன்றுதான் என்பதால் எப்போதும் அங்கேதான் நிற்பேன். அவர் உரித்துக்கொண்டே இருந்தார். என் நிழல் அவர் கைமேல் விழுந்திருந்தது.

"யாரு?" என்றார்.

"நான்தான் நைனா."

"தெரியுதுடா, தெரியுது. மெலிஞ்சிட்டியே" என்றார், எனக்குப் பக்கத்தில் இருந்த கம்பத்தைப் பார்த்து.

அருகில் உட்கார்ந்தேன். கண்ணின் ஓரத்திலிருந்து காது வரை கன்னத்தில் வெள்ளையாக ஒரு தடம் காய்ந்திருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அத்தை வந்து நின்றாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்: "என்ன கிட்டவே வுடலப்பா. இன்னொரு வூட்டுப் பொம்பள மடியில தலைய சாய்க்கறதான்னு, பாட்டில புடுங்கிக்கினாரு. தானே போட்டுக்கறேன், அவங்கிட்ட சொன்னா உங்கூட பேச மாட்டேன்னாரு." போட்டுக்கொண்டிருந்தார்தான். தினமும், இரண்டு வேளையும், அந்த நடுங்குகிற கையால். சொட்டு கன்னத்தில் ஓடி, தலையணைக்குப் போயிருந்தது.

அவர் தலையை மடியில் சாய்த்துக்கொண்டேன். இமையைப் பிரித்தேன். கண் திறந்தே இருந்தது, வெயிலுக்குக்கூடச் சுருங்கவில்லை.

"எப்பத்துலருந்து நைனா?"

"எந்தக் கெழமன்னு சொல்லத் தெரியலடா. முழிச்சேன். இருட்டா இருந்திச்சி. இன்னும் விடியலன்னு அப்பிடியே குந்திக்கினு இருந்தேன். காக்கா கத்துது. மாடு ஓட்டிக்கினு போறாங்க. பொண்ணுங்க கொடத்த எடுத்துக்கினு பேசிக்கினு போவுதுங்க. இன்னாடா இது, ராத்திரியிலியே ஊரு எழுந்துடிச்சேன்னு நெனச்சேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா. குந்திக்கினே இருந்தேன். முதுவுல வெயிலு சுட்டுது."