பொன்னி அரிசி வராத மாதங்கள்

கல்யாணமான மூன்றாம் மாதமே கூத்தாநல்லூரை விட்டு துபாய்க்கு வந்துவிட்டேன். ஒரு மளிகைக் கடையில் அரிசி மூட்டை அடுக்குவது என் வேலை. ஒரு வருடம், உள்நாட்டில் விலை ஏறுகிறதென்று டெல்லியில் அரிசி ஏற்றுமதிக்குத் தடை போட்டார்கள். சில வாரங்களில் பொன்னி தீர்ந்துபோனது. அந்த இடத்தில் தாய்லாந்து அரிசியை அடுக்கினேன். கடைக்கு வந்த தமிழர்கள், தடை போட்டதே நான்தான் என்பதுபோல் என்னிடம் கோபித்துக்கொண்டார்கள்.

ஊரில் எங்கள் நிலத்தை மனைவிதான் பார்த்துக்கொண்டாள். ஒரு வெள்ளிக்கிழமை அவளைக் கூப்பிட்டேன்.

"குறுவை நெல்லக் கொள்முதலுக்குப் போட்டாச்சா?"

"எங்க மச்சான்? கொள்முதல் நிலையத்து வாசல்ல ஆறு நாளா கெடக்கு. ஈரமா இருக்குன்னு எடுக்க மாட்டேங்குறாங்க. கப்பல் நின்னுபோச்சுன்னு வியாபாரியும் வரல. நேத்து மழை வேற. தார்ப்பாயப் போட்டு மூடிட்டு நான் அங்கயே உக்காந்திருந்தேன்."

"நனைஞ்சிருச்சா?"

"அடியில மொளச்சிருச்சு மச்சான்." பிறகு கேட்டாள்: "நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"நம்ம பொன்னிச் சோறுதான்" என்றேன்.

கப்பல் நின்றது தெரிந்தும் பொன்னி எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. முளைக்காத நெல்லைக் காயவைத்து, பிறகு தன்னந்தனியாகவே கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு வந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை மதியம், போனை வைத்த பிறகு, தாய்லாந்து அரிசிச் சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். அறையில் என்னோடு ஐந்து பேர் இருந்தார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது. ஒருவர் என் முகத்தைப் பார்த்து இந்தியில் என்ன ஆச்சு என்று கேட்டார். நெல் முளைத்துவிட்டது என்பதை எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.