நடுக்கோடு இல்லாத கூண்டு

செந்தாமரையைத் துரைராசு மாஸ்டரிடம் முதன்முதலில் கூட்டிக்கொண்டு போனவள் ஜூலியட்தான். அதை நினைக்கும்போதெல்லாம் தன்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம்போல் இருக்கும் அவளுக்கு.

துரைராசு சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வெல்டராக இருந்தவர். வேலை முடிந்த மாலைகளில் அங்கே கலப்புச் சண்டை பழகினார். குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த சண்டை அது. ஊர் திரும்பியதும் தஞ்சாவூருக்கு வெளியே மூடிக் கிடந்த ஒரு ரைஸ் மில் கிடங்கை வாடகைக்குப் பிடித்து, எட்டுப் பக்கக் கூண்டைத் தானே வெல்டிங் வைத்து, சுற்றிலும் கம்பி வலை கட்டினார். யாராவது வலையில் வேகமாக மோதினால் உத்தரத்திலிருந்து பழைய தவிடு உதிரும்.

பெண்கள் இரண்டு பேரும் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம். ஜூலியட்டின் அப்பா அடைக்கலராஜ் அறுவடை மெஷின் ஓட்டுகிறார். அண்ணன் ஜெரால்ட் குவைத்தில் இருக்கிறான். கையுறையும் பல் காப்பும் அவன் அனுப்பியவை. செந்தாமரையின் பெற்றோர் பிறர் வயலில் நாற்று நட்டவர்கள். இப்போது சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கிப் பயிர் செய்கிறார்கள்.

பள்ளி நாட்களில் கபடி அணியில் ஜூலியட் ரெய்டு போகிறவள். நடுக்கோட்டைத் தாண்டி எதிராளிகளுக்குள் புகுந்து, தொட்டுவிட்டு, பிடிபடாமல் கோட்டுக்குத் திரும்பிவிடுவாள். மைதானமே விசிலடிக்கும். ரெய்டு வருகிறவளின் கணுக்காலைப் பிடிக்கச் செந்தாமரை கார்னரில் நிற்பாள், கல்யாண போட்டோவில் பின்வரிசைச் சித்தி நிற்பதுபோல. அவளை யாரும் பார்த்ததில்லை.

இப்போது எல்லாம் தலைகீழ். ஐம்பத்திரண்டு கிலோ எடைப் பிரிவில் செந்தாமரைக்கு எதிரில் நிற்க ஆள் இல்லை. திருச்சியிலிருந்து வந்தவள், சென்னையிலிருந்து வந்தவள், பட்டம் வாங்கிய பாண்டிச்சேரிக்காரி, எல்லோரும் அவளிடம் வந்து வலையோரத்தில்தான் முடிந்தார்கள். அவள் குத்து ஒன்றும் பெரிய குத்தில்லை. உதையில் ஜூலியட்டில் பாதிகூடத் தேறமாட்டாள். பிறகு எதனால்?

கையின் நீளம்தான் காரணம் என்று ஜூலியட் கொஞ்ச நாள் நினைத்தாள். மாஸ்டர் அவளுக்கு மட்டும் ஏதோ தனியாகச் சொல்லிக்கொடுக்கிறார் என்று பிறகு நினைத்தாள். சாப்பாடாக இருக்குமோ என்று நேராகவே கேட்டும் பார்த்தாள்.

"பழைய சோறு, கருவாடு. ஏன், உங்க அண்ணன் பாதாம் அனுப்புறாரே, பத்தலையா?" என்றாள் செந்தாமரை.

எல்லோரும் சிரித்தார்கள். ஜூலியட்டும் சிரிக்க வேண்டியதாயிற்று.

அந்தச் சமயத்தில்தான் அபுதாபிப் போட்டிக்கு அழைப்பு வந்தது. அந்த எடையில் ஒருத்திக்குத்தான் இடம். இருவரும் மோதட்டும், ஜெயிப்பவள் போகட்டும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஜூலியட் முழந்தாளிட்டு, செந்தாமரைக்கு ஒரு காய்ச்சல் வரவேண்டும் என்று மாதாவிடம் கேட்கத் தொடங்கினாள். பாவம் என்று தோன்றவே அதை ஜலதோஷமாகக் குறைத்துக்கொண்டாள். அதுவும் வரவில்லை.

செந்தாமரையின் சண்டைகளைப் போனில் எடுத்து வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். ஒன்றும் பிடிபடாமல், தன்னோடு அவள் மோதிய ஒரு பயிற்சி வீடியோவை ஜெரால்டுக்கு அனுப்பி, இவளிடம் அப்படி என்னதான் இருக்கிறது, நீயாவது சொல் என்று கேட்டாள்.

"அவள ஏன்டி பாக்குற? உன் காலைப் பாரு. அடிச்சிட்டு எங்க ஓடுற?" என்றான் அவன்.

பார்த்தாள். ஒவ்வொரு நல்ல அடிக்குப் பிறகும் அவளுடைய குதிகால் பின்னால் போய்க்கொண்டிருந்தது. போய்த் தரையைத் தடவிக் கோட்டைத் தேடியது. கூண்டில் ஏது நடுக்கோடு? பின்னால் இருப்பது வலைதான். கபடியில் அவளைக் காப்பாற்றிய அதே பழக்கம் இங்கே அவளைக் கொண்டுபோய் வலையில் ஒப்படைத்தது. மற்ற வீடியோக்களையும் போட்டுப் பார்த்தாள். வருகிற எல்லோரும் அடித்துவிட்டு எங்கோ பின்வாங்கத்தான் செய்தார்கள். செந்தாமரை அடியைத் துரத்துவதில்லை. திரும்பும் வழியில் போய் நின்றுகொள்வாள். நடு இடம் எப்போதும் அவளுடையது. வலையோரம் மற்றவர்களுடையது. அங்கே அவர்கள் மேல் சாய்ந்து, அவசரமே இல்லாமல், அவர்களுடைய மூச்சு தீரும்வரை சாய்ந்தே இருப்பாள். இவ்வளவுதானா என்று இருந்தது ஜூலியட்டுக்கு. இவ்வளவையும் தனக்குத் தெரியாமல் இவள் எப்படிக் கற்றாள் என்று வயிறு இன்னும் எரிந்தது.

மோதல் நாளில் முதல் சுற்று முழுவதும் ஜூலியட் நடுவைவிட்டு நகரவில்லை. அடித்தாள், அங்கேயே நின்றாள். செந்தாமரை முதல் முறையாக வலைப் பக்கம் சுற்றி வந்தாள். இரண்டாவது சுற்றில் ஜூலியட் பின்வாங்குவதுபோல் பாசாங்கு காட்டி, வழியை மறிக்கப் பாய்ந்தவளின் முகத்தில் ஒன்று வைத்தாள். தவிடு உதிர்ந்தது. மாஸ்டர் உட்கார்ந்திருந்த ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார்.

மூன்றாவது சுற்றில் ஜூலியட்டின் மூக்கில் ஒரு குத்து விழுந்தது. கண்ணில் நீர் முட்டி எதிரே எதுவும் தெரியவில்லை. அந்த ஒரு நொடியில் மனசு சொன்னதைக் கால் கேட்கவில்லை. குதிகால் தானாகப் பின்னால் போயிற்று. கோட்டைத் தேடியது. முதுகில் வலை உரசியபோது செந்தாமரை ஏற்கெனவே அங்கே இருந்தாள். கணுக்காலில் பிடி விழுந்தது. அதே பழைய கார்னர் பிடி. பிறகு தரை. பிறகு நெஞ்சின் மேல் அந்தக் கனம். கழுத்தை வளைத்த கை இறுகியபோது ஜூலியட் தோல்வியை ஒப்புக்கொண்டு தரையைத் தட்டினாள்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே செந்தாமரை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மொத ரவுண்டுல பயந்துட்டேன்டி," என்றாள்.

"என் காலப் பத்தி உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஸ்கூல்ல பிராக்டிஸ் அன்னிக்கெல்லாம் நீ எம்மேலதான ரெய்டு வந்த. கைதட்டு பூரா உனக்குத்தான். எனக்கு வயிறு எரியும். எல்லாரும் உன் கையப் பாத்தாங்க. நான் உன் காலையே பாத்துக்கிட்டு நின்னேன்."

ஜூலியட் மூக்கில் பஞ்சை அழுத்திக்கொண்டாள். தான் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த வருஷங்களில் எல்லாம், பின்வரிசையில் ஒருத்தி தன்னைப் பார்த்துப் பார்த்தே பாடம் படித்திருக்கிறாள். தோற்றதைவிட அதுதான் உறுத்தியது.

அபுதாபியில் எதிரே நிற்கப்போகிறவளும் அடித்துவிட்டு விலகுகிறவள்தான், அவளைப்போல் பாய்ந்து வர உன்னைவிட்டால் ஆளில்லை, பயிற்சிக்கு வா என்று செந்தாமரை கேட்டாள். ஜூலியட்டின் அம்மா வேண்டாம் என்றாள். மூக்கு வீக்கம் வடிந்ததும் ஜூலியட் போனாள். போய், முதல் நாளிலிருந்தே செந்தாமரையின் கையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

செந்தாமரை அபுதாபிக்குக் கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது அது கண்ணில் பட்டது. காலைப் பிடிக்கக் குனிவதற்குச் சற்று முன்பு, ஒவ்வொரு தடவையும், செந்தாமரையின் இடது கால் பெருவிரல் தரையைக் கவ்விச் சுருங்கியது. மாஸ்டர் பார்த்ததில்லை. செந்தாமரைக்கே தெரியாது.

"என்னடி, அப்படியே நின்னுட்ட?" என்றாள் செந்தாமரை.

சொல்லிவிடலாம் என்று ஜூலியட்டின் வாய்வரை வந்தது. அபுதாபியில் வேறு எவளாவது அதைக் கண்டுபிடித்துவிட்டால் என்ன ஆகும் என்றுகூட நினைத்தாள்.

"ஒண்ணுமில்ல. இன்னொரு தடவ வா," என்று சொல்லிவிட்டு, நடுவில் போய் நின்றுகொண்டாள்.