தாண்ட முடியாத கேள்வி

காலை ஐந்தரை மணிக்குத் தொண்டைமானாற்றுக் கரையில் நான் முதலில் கண்டது படகுக்கார அண்ணையின் கைபேசி வெளிச்சம். கடலில் ஆபத்தென்றால் உதவி கேட்பதற்கான எங்கள் செயலி, ‘எங்கே போகிறீர்கள்?’ என்று கேட்டு நின்றது. பதில் தராமல் அந்தக் கேள்வியைத் தாண்ட வழியிருந்தால் ஆட்கள் சோம்பலில் தாண்டிவிடுவார்கள் என்று, அந்த வழியை எடுத்துவிடும்படி வடிவமைப்புக் குழுவுக்குச் சொன்னவன் நான்.

“கடலுக்கு வெளிக்கிடேக்கை எங்கை எண்டு கேட்டால் சகுனப்பிழை, தம்பி. என்ரை மனிசியே கேக்கமாட்டா, உந்தச் சனியன் கேக்குது,” என்றார் அண்ணை. கைபேசியைக் கரையில் நின்ற மனைவியிடம் கொடுத்துவிட்டு, செயலி எப்படிப் பயன்படுகிறதென்று பார்க்க வந்த என்னை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்.

கரை மறைந்தபின் இயந்திரம் நின்றது. அவர் அதன்மேல் குனிந்திருந்தார். அலை படகைத் தள்ளிக்கொண்டே போனது. என் கைபேசியில் செயலியைத் திறந்தேன். எங்கே போகிறோம் என்று எனக்குத் தெரியாது. சகுனப்பிழை என்றவரிடம் அதைக் கேட்க நா எழவில்லை.

உதவி கேட்கும் பொத்தான் அந்தக் கேள்விக்கு அடுத்த திரையில் இருந்தது.