பெரியம்மா எழுதிய நடைப் பரீட்சை

"முதுகு நேரா! கையை வீசி நடங்க சார், யாரும் புடுங்கிட்டுப் போக மாட்டாங்க!"

புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில் பெரியம்மா ஒரு ஓய்வுபெற்ற குமாஸ்தாவுக்கு நடை பழக்கிக்கொண்டிருக்கிறார். குமாஸ்தாவுக்கு எண்பது தாண்டிவிட்டது, பெரியம்மாவுக்கு எழுபத்தெட்டு. அந்த மனிதரின் கைத்தடியைப் பிடுங்கி என்னிடம் கொடுத்துவிட்டார். நான் தங்கை மகன். வாரா வாரம் காரோட்டி, துணைக்கு ஆள், இப்போது கைத்தடிக் காவலன்.

பெரியம்மா பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்தவர். விசிலை ஒப்படைத்துவிட்டு வந்தார், தொண்டையை ஒப்படைக்கவில்லை. இந்த ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு மருந்து ஏற்றுமுன் ஒரு சோதனை உண்டு: நாற்காலியிலிருந்து எழுந்து, கதவுவரை நடந்து, திரும்பி வந்து உட்கார வேண்டும். உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கத்தான். பெரியம்மா அதைப் பரீட்சையாக்கிவிட்டார். ஃபெயிலானால் மருந்தை நிறுத்திவிடுவார்களாம். அப்படியெல்லாம் இல்லை என்று நர்ஸ் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனார். "நீ சின்னப் பொண்ணு, உனக்குத் தெரியாது" என்று அவரையே அடக்கிவிட்டார்.

காரணம் இல்லாமல் இல்லை. கூட வேலை பார்த்த கணக்கு டீச்சருக்கு இதே நோய் வந்தபோது, வேறெங்கோ ஒரு டாக்டர், "இந்த வயசுல எதுக்கு அவஸ்தை? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று மகனிடம் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி நாளென்றால் பெரியம்மா கல்யாணத்துக்குக் கிளம்புவதுபோலக் கிளம்புகிறார். பவுடர் பூசி, கன்னத்தைக் கிள்ளிச் சிவக்க வைத்துக்கொள்வார். "மூஞ்சியில களை இருக்கணும்டா. வாடிப்போய் உக்காந்தா, கெழவிக்கு இது போதும்னுடுவாங்க."

மார்பில் வந்த கட்டி சுருங்கிக்கொண்டு வருவது உண்மை. ஆனால் அதே மருந்து பாதங்களை மரக்கடித்துவிட்டது. போன வாரம் குளியலறையில் விழுந்தார். கன்றிப்போன முழங்கையை மறைக்க முழுக்கை உடுப்பு. "டாக்டர்கிட்ட வாயத் தொறந்தே, தோலை உரிச்சிடுவேன்" என்று எனக்கு உத்தரவு. ஐம்பது வயதாகியும் எனக்கு அவரிடம் பயம் போகவில்லை. நடக்க முடியாமல் படுத்துவிடுவாரோ என்ற பயம் அதைவிடப் பெரிது. இன்று சொல்லிவிடுவதென்றுதான் உள்ளே போனேன்.

"கால் மரத்துப்போற மாதிரி இருக்காம்மா?" என்று கேட்டார் டாக்டர். என் மகள் வயதுதான் இருக்கும்.

"பிரமாதமா இருக்கு. ஓடிக் காட்டட்டுமா?"

எழுந்தார். கையை வீசி, கதவுவரை கம்பீரமாக நடந்து, திரும்பினார். நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே நின்றேன். அறையின் நடுவே அவருடைய ஒற்றைச் செருப்பு கிடந்தது. கழன்றதே தெரியாமல் நடந்து போயிருக்கிறார்.

பெரியம்மா செருப்பைப் பார்த்தார். தன் காலைப் பார்த்தார்.

"நிறுத்திடுவீங்களா?" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

"நிறுத்த மாட்டேம்மா. உங்க கால் கெட்டுப்போகாம அளவைக் குறைச்சுப் போடுவேன். ஆனா நீங்க சொன்னாத்தானே எனக்குத் தெரியும்?"

பெரியம்மா வந்து உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் முகத்தையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, செருப்பில்லாத காலை மெல்லத் தூக்கி டாக்டர் பக்கமாக நீட்டினார்.