இடது கையைக் காட்டுங்க

“இடது கையைக் காட்டுங்க.”

கைரேகை பார்க்கப் போகிறாரோ என்று உள்ளங்கையை மேலே வைத்து நீட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர் அதைப் புரட்டிப் போட்டு நகங்களைப் பார்ப்பார். பிறகு கவுன்ட்டரின் முன்பக்கத்தில், பழைய கிதார் கம்பியில் கட்டித் தொங்கும் நகவெட்டியைக் கண்ணால் காட்டுவார். வங்கியில் பேனாவைக் கட்டி வைத்திருப்பார்களே, அதே ஏற்பாடு. இதற்கு முன்பு இருந்த நகவெட்டிகளெல்லாம் வந்தவர்களோடு அவரவர் வீட்டுக்குப் போய்விட்டனவாம். அதனால் கம்பியை வேண்டுமென்றே குட்டையாக விட்டிருக்கிறார். குனிந்து நின்றுதான் வெட்ட வேண்டும்.

“ஒட்ட வெட்டுங்க. அப்புறம் பேசலாம்.”

இசைக்கருவி விற்கும் கடை அது. ஒரு பக்கம் மருந்துக் கடை, மறுபக்கம் சாவி செய்கிறவர். முதலாளி மாடியில் உட்கார்ந்து உடைந்த வயலின்களுக்குப் பசை போட்டுக்கொண்டிருப்பார். கீழே அக்காவின் ராஜ்ஜியம். எல்லோருக்கும் அவர் கவுன்ட்டர் அக்கா. சாவிக்காரருக்கு அவரைவிட வயது அதிகம், அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். கம்பி, வில், டிரம் குச்சி எல்லாம் விற்பது சம்பளத்துக்கான வேலை. சம்பளமில்லாத வேலை இன்னொன்று இருக்கிறது. கிதாரோ வயலினோ வாங்குகிறவர்கள் பையைத் தோளில் மாட்டியதும் அசடு வழிய ஒரு கேள்வி கேட்பார்கள். “இதைச் சொல்லிக்கொடுக்க யாராவது நல்ல டீச்சர் தெரியுமா?” அந்த நிமிடத்தில்தான் அக்காவுக்கு உற்சாகம் பிறக்கும்.

அங்கேயே நின்று நகம் வெட்டுகிறவர்களுக்குத்தான் ஆசிரியரின் போன் நம்பர் கிடைக்கும். “வீட்ல போய் வெட்டிக்கறேன்” என்று நழுவுகிறவர்களை, “தாராளமா, வெட்டிட்டு வாங்க” என்று அனுப்பிவிடுவார். அவர்கள் தலை மறைந்ததும், “வரமாட்டாங்க” என்பார். நகத்தை விட மனசில்லாதவர் நேரத்தையும் விடமாட்டார் என்பது அவர் சித்தாந்தம். சில பேர் உண்மையாகவே வெட்டிக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு. அப்போது அக்கா கூரையைப் பார்ப்பார். புல்லாங்குழல்காரர்களுக்கு மட்டும் நகத்திலிருந்து விலக்கு. அவர்களிடம் பல்லைக் காட்டச் சொல்வார்.

நான் வயலின் கற்க ஆசிரியர் தேடிப் போனவள். கையைக் காட்டினேன், குனிந்து வெட்டினேன், விசாரணை தொடங்கியது.

“வீட்ல கதவு சாத்தற மாதிரி ரூம் இருக்கா?”

“இருக்கு.”

“கூட யாரு இருக்காங்க?”

“அம்மா.”

“அம்மாவுக்குக் காது எப்படி?”

“நல்லாவே கேக்கும்.”

“பாவம்” என்றார், உண்மையான வருத்தத்தோடு. “டீச்சர் திட்டினா தாங்குவீங்களா, இல்ல முகம் தூக்கி வெச்சுப்பீங்களா?”

நான் பதில் யோசிப்பதற்குள் என் கழுத்தை உற்றுப் பார்த்தார். குரல் தேனாகிவிட்டது. “கழுத்து வலி ஏதாவது இருக்கா? வயலின்னா கழுத்து போயிடும். செல்லோ பாத்திருக்கீங்களா? ஜம்முனு நாற்காலில உக்காந்து வாசிக்கலாம்.”

அவர் கை காட்டிய மூலையில் அது நின்றது. வயலினுக்கு அண்ணன் மாதிரி, நெஞ்சளவு உயரம், கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. யாரும் வாங்காமல் அந்தக் கடையின் தூண்களில் ஒன்றாகிவிட்டிருந்தது. ஆனாலும் அதன்மேல் ஒரு பொட்டுத் தூசி இல்லை. பக்கத்திலிருந்த கீபோர்டுகளின் மேல் தாராளமாக இருந்தது.

நான் வயலினிலேயே நின்றேன். அக்காவின் முகம் விழுந்துவிட்டாலும் எனக்கு நல்ல ஆசிரியரைத்தான் கொடுத்தார். எல்லோருக்கும் அப்படி அமைந்துவிடும் என்று சொல்லமுடியாது. முடி வெட்டுகிற ஒருவரை ஒரு கிதார் ஆசிரியரிடம் அனுப்பினார். இரண்டு பேரும் வாயாடிகள். மாதக்கணக்காக வகுப்பு நடக்கிறது, கிதார் இன்னும் உறையைவிட்டு வெளியே வரவில்லை. “ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்காங்க. அதைப் போய்க் கெடுப்பாங்களா?” என்று கேட்கிறார் அக்கா.

எனக்கு அடங்காத ஆச்சரியம் ஒன்று உண்டு. ஊர் நகத்தையெல்லாம் வெட்டவைக்கிற இந்த அம்மாளின் சொந்த நகங்கள் பத்தும் நீளம். அரக்குச் சிவப்புச் சாயம், ஓரமெல்லாம் அரத்தால் தேய்த்த ஒழுங்கு. யோசிக்கும்போது அவற்றால் கண்ணாடி மேஜையில் தாளம் போடுவார். சில்லறை எடுக்கும்போது விரலை நிமிர்த்திக்கொண்டு எடுப்பார். ஒரு கம்பி வாங்கப் போன சாக்கில் கேட்டேவிட்டேன். “இத்தனை பேருக்கு டீச்சர் பிடிச்சுத் தரீங்க. நீங்க ஏன்க்கா எதுவும் கத்துக்கல?”

“இதை வெச்சுக்கிட்டா?” என்று பத்து விரலையும் விரித்துக் காட்டினார். சிரித்தார். கடையில் ஆள் இல்லை என்பதாலோ என்னவோ, மேலும் சொன்னார்.

“சின்ன வயசுலேர்ந்து ஹோட்டல்ல பாத்திரம் கழுவற வேலை. கையெல்லாம் ஊறிப் போயிருக்கும். நகம்னு ஒண்ணு இருந்ததே இல்ல. இந்தக் கவுன்ட்டருக்கு வந்தப்புறம்தான் வளந்துச்சு. எனக்குன்னு வளத்தது இது ஒண்ணுதான். இதை எதுக்காக வெட்டணும்?”

நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் நான் சும்மா இருக்கிற ஜன்மம் இல்லை. வேறொரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், மறந்துவிட்ட குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். கதவில் ‘மூடியிருக்கிறது’ அட்டை. உள்ளே விளக்கு இல்லை. கதவருகே நின்றபோது கனமாக, மெதுவாக ஒரு ஒற்றை ஒலி கேட்டது. அது அடங்கும்வரை யாரோ காத்திருந்துவிட்டு மறுபடி எழுப்பினார்கள். தட்டினேன். அக்கா வந்து திறந்தார், கையில் மஞ்சள் துணி.

“செல்லோவுக்குத் தூசி தட்டினேன்” என்றார்.

எந்தத் துணிக்கும் அப்படிச் சத்தம் வராது. நகம் கம்பியில் மாட்டாதபடி கட்டைவிரலின் சதையால் மீட்டியிருக்கிறார். விரலின் பக்கவாட்டில் சிவப்பாகக் கோடு தெரிந்தது. நான் விடாமல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“சரி, ஆசைதான். இப்ப என்ன?” என்று என்மேல் பாய்ந்தார். “முதல் தடவை வாசிக்கறவங்க முகத்தைத் தினமும் பாக்கறேன். கழுதை கத்தற மாதிரி சத்தம் வரும், காது வரைக்கும் சிவந்துடுவாங்க. சின்னப் பசங்கன்னா பரவால்ல. இந்த வயசுல அந்த மூஞ்சியை நான் ஒருத்தர்கிட்ட காட்டவா?”

நகம் பாதிக் காரணம், வெட்கம் மீதி என்று அன்றைக்குப் புரிந்தது.

செல்லோ ஆசிரியையை அறிமுகப்படுத்த வேண்டும். முப்பது வயதுப் பெண், ஒல்லி, பேசுவதற்குக் காசு கேட்கிற மாதிரி அளந்து பேசுவார். காலையில் கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிற வேலை, சாயங்காலம் செல்லோ. இந்த ஊருக்கு வந்த புதிதில் இரண்டு மாணவர்கள் இருந்தார்கள். ஒருவர் வேலை மாறிப் போனார், இன்னொருவர் கிதாருக்குத் தாவினார். அதன் பிறகு யாரும் இல்லை. சொந்த ஊரில் இருக்கிற அவருடைய அக்கா, “இங்க வந்துடு, நல்ல வேலை இருக்கு” என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாராம். கிளம்ப இருந்தவரை நம் கவுன்ட்டர் அக்காதான் தடுத்துவிட்டார்.

“‘இருங்க டீச்சர், நான் ஆள் பிடிச்சுத் தரேன்’னு அவங்ககிட்ட வாய் விட்டுட்டேன்” என்று என்னிடம் தலையில் கை வைத்துக்கொண்டார். “கிதாருக்குன்னா வரிசைல நிக்கறாங்க. செல்லோன்னா வாசல்ல நிக்கற பூனை கூட ஓடிடுது.”

ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெண் கடைக்கு வருவார். யாராவது கேட்டார்களா என்று நேராகக் கேட்கக் கூச்சம். அதனால் ரோஸின் வாங்குவார். வில்லின் முடியில் தேய்க்கிற பிசின் கட்டி அது. ஒன்று வாங்கினால் வருஷக்கணக்கில் வரும். வாரம் ஒன்று வாங்குகிற மனுஷியை அக்கா இந்தத் தொழிலில் பார்த்ததே இல்லை. கட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, “இந்த வாரம் யாரும் வரல டீச்சர்” என்று கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வார். “பரவால்லக்கா” என்று அவர் போய்விடுவார். அதற்குப் பிறகு அன்று முழுக்க அக்கா யாருக்கும் சிரித்த முகம் காட்டமாட்டார்.

ஒரு சனிக்கிழமை மட்டும் அந்தப் பெண் கொஞ்சம் கூடுதலாகப் பேசினார். நானும் அங்கேதான் இருந்தேன்.

“ஒரே ஒருத்தர் நிலையா வந்தாக்கூட இருந்துடுவேங்கா. கேக்க ஆள் இல்லாம வாசிச்சு வாசிச்சு, கிணத்துக்குள்ள பேசற மாதிரி இருக்கு. மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன்.”

அந்த மாதம் கடைக்கு வந்தவர்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. டிரம் வாங்க வந்தவரிடம், “உங்களுக்கு இருக்கற பொறுமைக்கு செல்லோ” என்றார். மவுத் ஆர்கன் கேட்டவரிடம் மூச்சிரைப்பு உண்டா என்று விசாரித்தார். மருந்துக் கடைக்கு வழி தவறி உள்ளே வந்த ஒருவரைக்கூடச் செல்லோவின் முன்னால் உட்காரவைத்துவிட்டார். அவர் கையில் இருமல் மருந்துச் சீட்டோடு மரியாதைக்குச் சிறிது நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போனார். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அக்காவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை ஒரு கம்பி அறுந்துபோய்க் கடைக்குப் போயிருந்தேன். அறுந்தது நிஜம். ஆனால் அன்றைக்கே போனதற்குக் காரணம் கம்பி இல்லை, என் மூக்குதான்; எங்கேயும் நுழையாமல் இருக்காது.

அந்தப் பெண் வந்தார். ரோஸின் அலமாரிப் பக்கம் பார்க்கவில்லை. அக்கா தானாகவே ஒரு கட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“வேணாங்கா. வீட்ல இருக்கறதை வெச்சு ஒரு கடையே போடலாம்” என்று சிரிக்கப் பார்த்தார். “சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். புதன்கிழமை கிளம்பறேன்.”

அக்கா கண்ணாடியில் நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தார். தட்டுவது நின்றது.

“ஒருத்தங்க கேட்டாங்க டீச்சர்.”

“சும்மா சொல்லாதீங்கக்கா. என்னை நிறுத்தறதுக்காகத்தானே?”

“நிஜமா. வயசு அம்பது தாண்டிடுச்சு. சொந்தமா செல்லோ கிடையாது. அந்த மூலைல நிக்குதே, அதுலதான் பழகணும், முதலாளி சரின்னுட்டாரு.”

மாடியிலிருந்த முதலாளி இருமினார்.

“வீட்ல இடம் இருக்கா அவங்களுக்கு?”

“இல்ல. தங்கச்சி வீட்ல இருக்காங்க. தங்கச்சி வீட்டுக்காரர் ராத்திரி டியூட்டி பாத்துட்டுப் பகல்ல தூங்கறவரு. மூச்சு விட்டா முழிச்சுப்பாரு. அதனால இங்கதான், மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல.”

அந்தப் பெண் அக்காவை நிமிர்ந்து பார்த்தார். அக்கா பிடி கொடுக்காமல் செல்லோவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திட்டினா தாங்குவாங்களா?”

“தெரியல டீச்சர். இதுவரைக்கும் அவங்கதான் எல்லாரையும் திட்டியிருக்காங்க. தப்பா வாசிச்சா சிரிக்காம இருப்பீங்களான்னு கேட்டாங்க.”

“நான் சிரிக்கமாட்டேன்” என்றார் அந்தப் பெண், மிக மெதுவாக. பிறகு அக்கா எல்லோரிடமும் கேட்கிற கேள்வியை அக்காவிடமே கேட்டார். “இடது கையைப் பாத்தீங்களா?”

அக்கா தன் இடது கையைத் தூக்கி, சட்டென்று பிறத்தியார் கையைப் பார்ப்பதுபோலப் புரட்டிப் பார்த்தார். சாயம் அன்றைக்குத்தான் புதிதாகப் பூசியது போலப் பளபளத்தது. மேஜையின் மேலாகக் குனிந்து நகவெட்டியைப் பிடித்து இழுத்தார். கம்பி அவர் பக்கம் எட்டவில்லை. இன்னொரு முறை இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கவுன்ட்டரின் ஓரப் பலகையைத் தூக்கிக்கொண்டு, வாங்க வருகிறவர்கள் நிற்கிற இந்தப் பக்கத்துக்கு வந்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இடம் பண்ணிக்கொண்டு குனிந்து நின்று, சுண்டு விரலில் ஆரம்பித்தார்.