எடுத்திருக்கக் கூடாத மிஸ்டு கால்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து நாற்பதுக்கு, எடுக்கக் கூடாத போனை எடுத்துவிட்டேன்.

ஏற்பாடு தெளிவாகத்தான் இருந்தது. கோவளத்துக் கடலில் முங்கிவிட்டு மேலே வந்ததும் மகள் படகிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். ஒன்று வந்தால் நலம். அடுத்தடுத்து இரண்டு வந்தால் நாங்கள் திருப்பிக் கூப்பிட வேண்டும். அந்த வருஷங்களில் பாதி ஊர் இப்படிப் பேசாமலே பேசிக்கொண்டிருந்தது. கிளம்பிவிட்டேன், கதவைத் திற, எல்லாமே மிஸ்டு கால்தான்.

ஆனால் நான் விடிந்ததிலிருந்து போனைக் கையை விட்டு இறக்கவில்லை. முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் கட்டைவிரல் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது. காற்று இரைந்தது. இன்ஜின் சத்தம். "அம்மா" என்றாள். அவ்வளவுதான், அறுந்துபோனது. திருப்பிக் கூப்பிட்டால், அவள் எண் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொன்னது.

"ஒண்ணா, ரெண்டா?" என்றார் என் கணவர்.

"தெரியல. ஒண்ணு அடிக்கும்போதே எடுத்துட்டேன்."

"பரீட்சை ஹால்ல பசங்களைப் பேசாதே பேசாதேன்னு அதட்டறவ நீ. ஒரு ரிங் உன்னால சும்மா இருக்க முடியலையா?"

அவள் குரலில் வலி இருந்ததா என்று அந்த ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

முந்தைய வருஷம் அவள் அந்தமானில் சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கு அடியில் அழைத்துப்போகும் வேலையில் இருந்தாள். ஒருநாள் ஆழத்தில் ஒருவருக்குப் பயம் பிடித்துவிட்டது. அவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்று வர வேண்டிய தூரத்தை ஒரே மூச்சில் ஏறி வந்திருக்கிறாள். சாயங்காலம் தோள் வலித்தது. சிலிண்டர் தூக்கிய வலி என்று படுத்துவிட்டாள். மறுநாள் காலை இடது பாதத்துக்குத் தரை தெரியவில்லை.

நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவள். அழுத்தம் சட்டென்று குறைந்தால் கரைந்திருக்கும் வாயு குமிழியாக வெளியே வரும் என்பதை வருஷா வருஷம் சோடா பாட்டிலைத் திறந்து காட்டுவேன். பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதே குமிழிகள் என் பெண்ணின் உடம்புக்குள் என்று அங்கிருந்த மருத்துவர் போனில் சொன்னபோது எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. அழுத்த அறைக்குள் வைத்து வைத்தியம் பார்த்தார்கள். விமானத்தில் ஏறக் கூடாது என்றார்கள், உயரத்தில் அழுத்தம் குறைவு. கப்பலில் வந்தாள். துறைமுகத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் எங்கள் கோவிலம்பாக்கம் வீட்டுக்கு மேலே போகும்போதெல்லாம் இன்றும் கைவேலையை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பேன்.

கால் தேறியது. இனி முங்கலாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்தார். எனக்கு அது போதவில்லை. திருநீர்மலைப் படிகளைக் கம்பியைப் பிடிக்காமல் ஏறிக் காட்டச் சொன்னேன். ஏறினாள். அவள் இடது குதிகாலையே பார்த்துக்கொண்டு நான் பின்னால் மூச்சு வாங்கினேன். சந்நிதியில் ரங்கநாதரைக் கும்பிடுவதற்கு முன்னால் என் பக்கம் திரும்பி, "இப்ப போலாமாம்மா?" என்றாள். அந்த இடத்தில் வைத்துக் கேட்டால் என்ன சொல்வது? ஒரே ஒரு தடவை, அதிக ஆழம் வேண்டாம், மெதுவாக மேலே வா என்றேன்.

பதினொன்று தாண்டியது. தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கக் கீழ்வீட்டிலிருந்து வந்த வீட்டுக்கார அம்மா என்னைப் பார்த்து நின்றார்.

"இன்னா டீச்சர், போனை முட்டையாட்டம் வெச்சிகினு கீறே? அடை காக்கறியா?"

சொன்னேன்.

"கடலுக்குப் போற ஆளுங்க வூட்ல எல்லாம் இப்டி குந்திகினு இருந்தா யாரு சோறு ஆக்கறது? எழுந்து போயி உலை வை."

வைத்தேன். அரிசி போட மறந்தேன், தண்ணீர் கொதித்து வற்றியது. தீய்ந்த வாசனைக்கு எழுந்து வந்த கணவர் அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"நான் கோவளம் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். இப்படியே இருந்தா நீ வீட்டைக் கொளுத்திடுவ."

ஸ்கூட்டர் மேடவாக்கம் பக்கம் திரும்பிய பிறகுதான் உறைத்தது: வீட்டில் இருந்த ஒரே செல்போன் என் கையில் இருந்தது. இனி அவரையும் கேட்க முடியாது. வாசலுக்குப் போனேன். மாடிக்கு வந்தேன். என் இடது பாதத்தைத் தரையில் அழுத்தி, தரை தெரிகிறதா என்று பார்த்தேன். பிறகு வலது பாதத்தை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்ற குரலை மறுபடி கேட்டேன். ஒரு தடவை போதும் என்றால் கேட்கிற பெண்ணா அவள்?

வெயில் சாய்ந்த நேரத்தில் தெருமுனையில் ஒரு ஷேர் ஆட்டோ நின்றது. இறங்கியவளின் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தேன். இழுக்கவில்லை, நொண்டவில்லை. கிட்டே வந்ததும் நெற்றியில் காய்ந்த உப்பு தெரிந்தது.

"அப்பா எங்க?"

"உன்னைத் தேடிக் கோவளம் போயிருக்கார்."

"ஐயோ, அம்மா! என் போன்ல இருந்ததே ஒரு சொட்டு பேலன்ஸ். மிஸ்டு காலுக்கு அது போதும். நீ எடுத்த, போச்சு. மத்தவங்க ரெண்டாவது தடவை இறங்கணும்னு போட் இன்னும் உள்ள போச்சு, அங்க சிக்னலும் கிடையாது. கரைக்கு வர்றதுக்குள்ள சார்ஜும் தீந்துபோச்சு."

"நீயும் இறங்கினியா?"

"இல்லம்மா, போட்லயே உக்காந்திருந்தேன். நீதான் என் குரலைக் கேட்டியே, அது போதும்னு நினைச்சேன்."

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது காலால் படியில் ஒரே ஒரு முறை தட்டிக் காட்டினாள். பிறகு, சூடேறிப் போயிருந்த போனை என் இன்னொரு கையிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமை இது அப்பாகிட்ட இருக்கட்டும்" என்றாள்.