கையை விடச் சொல்லும் கடல்

இந்த ஊரில் பிள்ளையின் கணுக்காலைக் கயிற்றால் ஒரு பலகையோடு கட்டிக் கடலுக்குள் அனுப்பிவிட்டு, பெற்றவர்கள் கரையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். சர்ஃபிங் என்று பெயர். நம்மூரில் ஆட்டைத்தான் அப்படிக் கட்டுவோம். தூண்டில்காரர்கள் வரிசையாக நிற்கும் மீன்பிடிப் பாலத்துக்குப் பக்கத்தில் அலை சின்னது, அடியில் மணல்தான், புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஏற்ற இடம் என்கிறார்கள். கலிபோர்னியாவுக்கு வந்து ஆறு வருடமாகியும் என் வயிற்றுக்கு அது புரியவில்லை. ஒன்பது வயது மகள் அஸ்மாவின் செருப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு, சொல்லித்தரும் பெண்ணிடம், "கையைப் பிடித்துக்கொள்வீர்கள்தானே?" என்று என் ஆங்கிலத்தில் கேட்டேன். எனக்கும் ஆசை என்று நினைத்துவிட்டாள் போலும். சிரித்துக்கொண்டே ஒரு கறுப்பு ரப்பர் உடுப்பை எடுத்து நீட்டினாள்.

கடல் என்றால் எங்களுக்குக் கைகோத்து நிற்பது. தாம்பரம் மார்க்கெட்டில் அத்தாவுக்கு ஹார்டுவேர் கடை. பெருநாள் முடிந்த ஞாயிறு பஸ் ஏறி, பெருங்களத்தூர் நெரிசலைத் தாண்டி, கோவளம் போவோம். முழங்கால் தண்ணீரில் அத்தா, அம்மா, நான், தம்பி சாதிக் வரிசையாகக் கைகோத்து நிற்போம். அலை வந்தால் சேர்ந்து குதிக்க வேண்டும், கையை விடக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். எனக்குப் பதினொரு வயதில், பெருநாளுக்கு வாங்கிய புதுச் செருப்பை அலை இழுத்தது. அதைப் பிடிக்கத் தம்பியின் கையை விட்டேன். கண்மூடித் திறப்பதற்குள் அவனைக் காணவில்லை. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து, தலைமுடியைப் பிடித்துத் தூக்கி வந்தார். நல்லவேளை, மூச்சு இருந்தது. அத்தா என்னை அடிக்கவில்லை. "செருப்பு கெடச்சிச்சா?" என்று மட்டும் கேட்டார். அடித்திருக்கலாம். அதற்குப் பிறகு நாங்கள் கடலுக்குப் போகவே இல்லை.

அன்று அஸ்மாவின் பலகை மட்டும் அலைமேல் வந்தது, அவள் வரவில்லை. காலில் கயிறு இருப்பதெல்லாம் அப்போது யாருக்கு நினைவிருக்கும்? கையில் அவள் செருப்புகளோடு, சல்வாரோடே ஓடினேன். துணி தண்ணீர் குடித்துக் கனக்க, அடுத்த அலையில் நான் கவிழ்ந்தேன், கையிலிருந்த செருப்புகள் போயின. வாயெல்லாம் உப்பு, மணல். யாரோ என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள். அஸ்மாதான்.

"மம்மி, இடுப்பு வரைக்கும்தான் தண்ணி. எழுந்திருங்க, எல்லாரும் பாக்குறாங்க."

விரல் வெளுக்கும் அளவுக்கு அவள் கையை இறுக்கியிருந்தேன்.

"வலிக்குது மம்மி, விடுங்க. அடுத்த வாரம் நீங்க கார்லயே இருங்க. ப்ளீஸ்."

ஒவ்வொரு விரலாக அவளே பிரித்துக்கொண்டு பலகையை இழுத்துப் போனாள்.  என்ன சொல்லித் தடுப்பேன்? அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

ஞாயிறுதோறும் ஃபோன் கார்டில் தாம்பரத்துக்குப் பேசுவேன். கடல் பக்கம் போகவில்லை என்று ஆறு வருடமாகச் சொல்லிவந்த பொய்யை அன்றைக்குக் காரிலிருந்து பேசியபோது சொல்ல முடியவில்லை. நடந்ததை எல்லாம் கொட்டினேன். பிள்ளை கையை விட்டுட்டுப் போயிட்டா அத்தா என்று அழுதேன்.   அத்தா தாழ்ந்த குரலில் கேட்டார்.

"செருப்பு கெடச்சிச்சாம்மா?"

பக்கத்துச் சீட்டில் ஈரம் காயாமல் கிடந்த அஸ்மாவின் ஒற்றைச் செருப்பைப் பார்த்தேன்.

"ஒண்ணுதான் அத்தா கெடச்சிச்சு."